பரேல் பங்களாவும் நம்ம மாட்டுங்காவும்

பரேல் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது ஆஸ்பத்திரிகள்தான். ஊரிலிருந்து டாடா ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அங்கே அலையாத தமிழ்க் குடும்பங்கள் மும்பையில் குறைவு. அதன் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம். தடுப்பூசிக்கும் பாம்புக்கடி மருந்துக்கும் பேர்போன இடம் என்பது பலருக்குத் தெரியும். அதன் பழைய கட்டடம் நூறாண்டுக்கும் மேலாகப் பம்பாய் கவர்னர்களின் மாளிகையாக இருந்தது என்பதும், அந்த வீட்டின் கதைக்கும் நம்ம மாட்டுங்காவுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதை வாசக அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

மடம் மாளிகையான கதை

பம்பாய்த் தீவுகள் போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து 1665-ல் ஆங்கிலேயருக்கு வந்தன. அப்போது பரேலில் கத்தோலிக்கத் துறவிகளின் மடமும் தேவாலயமும் நிலபுலன்களும் இருந்தன. 1719 வாக்கில் கிழக்கிந்தியக் கும்பெனி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. முதலில் கவர்னர்கள் கோடைக்கும் ஓய்வுக்கும் மட்டும் இங்கே வந்து போனார்கள். 1771 முதல் 1784 வரை கவர்னராக இருந்த வில்லியம் ஹார்ன்பிதான் இங்கேயே குடியேறியவர். இன்றைய தாதாபாய் நவ்ரோஜி ரோட்டுக்கு முன்பு ஹார்ன்பி ரோடு என்று பெயர் இருந்ததே, அதே ஹார்ன்பிதான்.

குடியேறியவர்கள் தேவாலயத்தை இடித்துவிடவில்லை. அதன் சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு கீழே விருந்து மண்டபமும் மேலே நடன மண்டபமும் ஆக்கினார்கள். பின்னால் 1819 முதல் 1827 வரை கவர்னராக இருந்த எல்ஃபின்ஸ்டன் இரண்டு பக்கமும் கட்டி விரிவாக்கினார். 1825-ல் அவருக்கு விருந்தாளியாக வந்த பிஷப் ஹீபர், பழைய தேவாலயத்துக்குள் சாப்பாட்டுக்கூடம் இருப்பதைத் தம் பயணநூலில் எழுதிவைத்தார். அந்த ஹீபர் மறு ஆண்டே, 1826 ஏப்ரலில், நம்ம திருச்சிராப்பள்ளியில் காலமானார். அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது.

விருந்து மட்டுமல்ல, வித்தையும் இங்கே வளர்ந்தது. 1804 நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் மக்கின்டாஷ் இந்த மாளிகையில்தான் பம்பாய் இலக்கியச் சங்கத்தைத் தொடங்கினார். டவுன் ஹால் படிகளில் ஏறிப் பார்க்கிறோமே, அந்த ஏஷியாட்டிக் சொசைட்டி இதிலிருந்து வளர்ந்ததுதான்.

காலராவும் பிளேக்கும்

காலப்போக்கில் பரேலைச் சுற்றி மில்களும் நெருக்கமான குடியிருப்புகளும் வந்தன. 1882 ஜனவரியில் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் மனைவி காலராவில் இறந்துபோனார். அதற்குப் பிறகு கவர்னர்கள் பரேலை விட்டுக் கடற்கரையோரமான மலபார் பாயிண்டுக்கு ஜாகை மாறிவிட்டார்கள். மாளிகை வெறுமனே கிடந்தது.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஜனங்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். காலியாக இருந்த கவர்னர் மாளிகை 1897-ல் பிளேக் ஆஸ்பத்திரியானது. ஒடெசாவில் பிறந்த வால்டமர் ஹாஃப்கின் அப்போது பம்பாயில் பிளேக்குக்குத் தடுப்பூசி தயாரித்துக்கொண்டிருந்தார். 1897 ஜனவரி 10-ந் தேதி அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். 1899-ல் அவருடைய ஆய்வுக்கூடம் இந்த மாளிகைக்குக் குடிவந்தது. பிளேக்குக்கு முன்பே, 1892-ல், காலராவுக்குத் தடுப்பூசி கண்டவரும் இவர்தான். காலரா காரணமாகக் கைவிடப்பட்ட வீட்டுக்கு அவரே வந்து சேர்ந்தார் பாருங்கள்! 1925-ல் நிலையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

மாட்டுங்கா எங்கே வந்தது?

அதே பிளேக்கின் விளைவாகத்தான் 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடியில்தான் நோய் பரவுகிறது என்ற எண்ணத்தில், நகரத்துக்கு வடக்கே தாதர்-மாட்டுங்கா திட்டத்தை அது வகுத்தது. அகலத் தெருக்கள், கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி, நடுநடுவே தோட்டங்கள். நம்மவர்கள் பெருவாரியாக வந்து குடியேறியது இந்த மாட்டுங்காவில்தான். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிக்கூடம் தொடங்கியதும் இங்கேதான். பிளேக்குக்கு மருந்தாகப் பரேலில் ஆய்வுக்கூடம் வந்தது, மாட்டுங்காவில் தெரு வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

நாம் என்ன செய்யலாம்?

பரேல் மாளிகை ஏன் பிழைத்தது? மடம், மாளிகை, ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம் என்று ஒவ்வொரு காலத்திலும் யாருக்காவது அது வேண்டியிருந்தது. சர்க்கார் சொத்து என்பதால் விற்கவும் முடியவில்லை. நம்ம மாட்டுங்காக் கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1947-ன் வாடகைச் சட்டம் குடித்தனக்காரரைக் காப்பாற்றியது. ஆனால் வாடகை உயராததால் ரிப்பேருக்குக் காசு போட வீட்டுக்காரர்கள் முன்வரவில்லை. 1995-ல் மும்பைக்குப் பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதிகள் வந்தன. ஆனாலும் பட்டியலில் இல்லாத சாதாரண வீட்டுக்கு அது கைகொடுக்காது.

நான் குடியிருக்கும் கட்டடமும் 1930களைச் சேர்ந்ததுதான். மழைக்காலத்தில் மூன்றாம் மாடியில் பக்கெட் வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். அங்கே இருக்கும் மாமிக்கு எண்பது வயதாகிறது, லிஃப்ட் கிடையாது. "சரித்திரம் நன்னாத்தான் இருக்கு, படி ஏற முடியலையே" என்கிறார் அவர். அவரிடம் போய் இடிக்காதே என்று நான் எப்படிச் சொல்ல? எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி அல்ல. உறுதியாக இருப்பதை ரிப்பேர் செய்து வாழ்வோம். இடிந்தே தீரவேண்டும் என்றால், இடிப்பதற்கு முன் பதிவு செய்து வைப்போம்.

நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்தின் வரைபடம், முதல் வாடகை ரசீது, மாடிப்படி, பால்கனிக் கம்பி, வாசலில் பதித்த பூக்கல் எல்லாவற்றையும் படம் எடுங்கள். முதலில் குடிவந்தவர் எந்த ஊர், எந்த வேலைக்கு வந்தார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பரேல் மாளிகையின் விருந்து மண்டபம் ஒரு காலத்தில் தேவாலயம் என்பது இன்று நமக்குத் தெரிகிறது என்றால், வந்து போனவர்கள் எழுதிவைத்ததும் ஒரு காரணம். நம்ம வீடுகளைப் பற்றி நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?