ஆகாய வழியும் தொற்று நோயும்

1935ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து புறப்பட்டு வந்த டாட்டா கம்பெனியின் சிறு விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கிற்று. சங்குமுகம் கடற்கரைக்கு அருகே, கர்னல் கோதவர்ம ராஜா அவர்களின் முயற்சியால் 1932இல் அமைந்த விமானத் தளம் அது. திரும்புகையில் அவ்விமானம் திருவிதாங்கூர் அஞ்சல் துறையின் கடிதங்களைச் சுமந்து சென்றது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும்போது, ஊர்வலம் அத்தளத்தின் ஓடுபாதையைக் கடந்தே கடலுக்குச் செல்லும். அந்தச் சில மணி நேரம் விமானங்கள் காத்து நிற்பது இன்றும் வழக்கம். உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி அது.

அன்று வந்த விமானம் பெரும்பாலும் கடிதங்களுக்கே பயன்பட்டது. பின்னர் மனிதர் பெருந்திரளாக ஏறத் தொடங்கினர். அவர்களோடு நோயும் ஏறிக்கொண்டது. கொள்ளை நோய்க் காலத்தில் ஆகாயப் பிரயாணம் செய்வோரை எவ்வாறு காப்பது என்னும் கேள்வி 2020இல் புதிதாகப் பிறந்ததன்று. அதன் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

கப்பற் காலத்தில் இக்கேள்விக்குக் கடலே விடை கூறிற்று. வைசூரி உடலிற் புகுந்து வெளிப்பட ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் ஆகும். பிளேக்கு நோய்க்கு ஒரு வாரம். காலராவுக்கு ஐந்து நாளுக்கு மேல் வேண்டா. பம்பாயிலிருந்து இங்கிலாந்து செல்லக் கப்பலுக்கு இரண்டு மூன்று வாரம் பிடித்தது. ஆகவே, நோயுற்றவன் கரை சேருமுன்னரே நடுக்கடலில் படுத்துவிடுவான். துறைமுகத்து மருத்துவர் அவனைக் கண்டுகொள்வார். குறுகிய கடல்வழிகளில்தான் தனியே ஏற்பாடு தேவைப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழ்த் தொழிலாளரை இதற்காகவே மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, உடம்பைச் சோதித்துப் பின்னரே கப்பலேற்றினர். அந்த முகாமில் அவர்கள் பட்ட பாட்டை இங்கு விரிக்கவில்லை. அது தனியே ஒரு பேச்சுக்கு உரியது.

விமானம் இந்தக் கணக்கைக் குலைத்தது. நோய் வெளிப்படும் காலத்தைவிடப் பிரயாணக் காலம் குறுகிவிட்டது. காலையில் நலமாக ஏறியவர் மாலையில் நலமாகவே வேற்று நாட்டில் இறங்குவார்; மூன்றாம் நாள் படுக்கையில் விழுவார். அதற்குள் அவர் வீட்டாரோடு உண்டிருப்பார், சந்தைக்கும் போயிருப்பார்.

இவ்வபாயத்தை நாடுகள் விரைவிலேயே உணர்ந்தன. ஆகாயப் போக்குவரத்துக்கென்றே ஒரு சுகாதார உடன்படிக்கை 1933இல் ஹேக் நகரில் கையெழுத்தாயிற்று. அதில் பெரிதும் அஞ்சப்பட்ட நோய்களுள் ஒன்று மஞ்சள் காய்ச்சல். அந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நோயுற்ற ஒருவரோ, நோய் தாங்கிய ஒரு கொசுவோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கினால் என்ன ஆகும்? விமானத்தினுள் மருந்து தெளித்துக் கொசுவைக் கொல்லும் பழக்கம் இவ்வாறு வந்தது. 1954ஆம் ஆண்டின் விமானப் பொதுச் சுகாதார விதிகளும் இக்கவலையை மனத்திற் கொண்டவையே. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து ஊசிச் சான்று இன்றி வருவோரை ஆறு நாள் வரை தனியே வைக்கும் வழக்கம் இன்றளவும் உண்டு. இந்தக் கட்டுப்பாடு பயன் தந்தது என்றே நாம் கருதுகிறோம். மஞ்சள் காய்ச்சல் இந்நாட்டில் வேரூன்றவில்லை.

வைசூரி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. கராச்சியில் அது பரவியிருந்த 1961-62ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அங்கிருந்து விமானத்தில் சென்ற சிலர் வழியே பிரிட்டனுக்குள் நுழைந்து பல உயிர்களைக் கொண்டது. அவர்கள் கையில் அம்மை குத்திய சான்று இருந்தும் நோய் புகுந்தது என்பதே அன்று பெருங்கவலை அளித்தது.

இவையெல்லாம் நோய் விமானத்தில் ஏறி வருவதைப் பற்றியவை. விமானத்தினுள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது தொற்றுமா? 2003ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து பீஜிங் சென்ற விமானம் ஒன்றில் சார்ஸ் நோயுற்ற முதியவர் ஒருவர் இருந்தார். மூன்று மணி நேரப் பிரயாணந்தான். 120 பேர் இருந்த அவ்விமானத்தில் 22 பேருக்கு நோய் கண்டது. அவருக்கு ஏழு வரிசை முன்னால் அமர்ந்தவரும் தப்பவில்லை. 2020 மார்ச்சு 2ஆம் நாள் லண்டனிலிருந்து ஹனாய் சென்ற விமானத்தில், இருமிக்கொண்டிருந்த ஒரு பிரயாணியிடமிருந்து 15 பேருக்குக் கொரோனா தொற்றியதாக ஆய்வாளர் கண்டனர். அவர்களுள் 12 பேர் அவர் இருந்த உயர் வகுப்பிலேயே அமர்ந்தவர். முகக்கவசம் கட்டாயமாகாத நாள் அது.

இதைக் கேட்டு நேயர்கள் விமானத்தையே வெறுக்க வேண்டியதில்லை. பெரிய ஜெட் விமானங்களில் காற்று மணிக்கு இருபது முப்பது முறை மாறுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி வெளிக்காற்று. மீதிப் பாதி மிக நுண்ணிய வடிகட்டிகளின் வழியே வருகிறது. கூரையிலிருந்து இறங்கித் தரையோரம் வெளியேறுவதால் அது முன்னும் பின்னும் அதிகம் அலைவதில்லை. நம் பேருந்துகளுக்கும் ரயில்களுக்கும் இத்தகைய வசதி ஏது? ஆயினும் வடிகட்டி இருப்பது சற்றுத் தள்ளி. இருமுகிறவர் இருப்பதோ பக்கத்து ஆசனத்தில். அருகில் இருப்பவரிடமிருந்து வருவதை வடிகட்டி எட்டிப்பிடிக்குமுன் நாம் மூச்சிழுத்து விடுகிறோம். எனவே முகக்கவசத்துக்கு வேலை இருந்தது. விமானம் தரையில் நின்று காற்றமைப்பு ஓடாத வேளையும், ஏறும்போதும் இறங்கும்போதும் உண்டாகும் நெரிசலும், நிலையத்து வரிசைகளும் பறக்கும் நேரத்தைவிடக் கவனத்துக்கு உரியவை.

கேரளத்துக்கு வருவோம். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30ஆம் நாள் திருச்சூரில் கண்டறியப்பட்டார். ஊகான் நகரிலிருந்து விமானத்தில் திரும்பிய மாணவி. நிலையத்தைத் தாண்டியபோது அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஆகவே வெப்பமானி ஒன்றும் சொல்லவில்லை. தாம் வந்ததைத் தாமாகவே சுகாதாரத் துறையினருக்குத் தெரிவித்திருந்தார்; அதனால் நோய் அவரோடு நின்றது. அடுத்த மாதம் இத்தாலியிலிருந்து கொச்சி வழியே வந்த ஒரு குடும்பத்தின் கதை வேறு. நிலையத்தில் அவர்கள் சொல்லவில்லை என்றது அரசு. எவரும் கேட்கவில்லை என்றனர் அவர்கள். வாக்குவாதம் ஓய்வதற்குள் உறவினர் பலர் மருத்துவமனையில் இருந்தனர். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு எந்தக் கருவியாலும் வந்ததன்று.

மார்ச் இறுதியில் விமானங்கள் நின்றன. வளைகுடா நாடுகளில் வேலையிழந்தோரும், கருவுற்ற பெண்களும், முதியோரும் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். மே 7ஆம் நாள் மீட்பு விமானங்கள் தொடங்கின. மே நடுவில் தோஹாவிலிருந்து ஒன்று திருவனந்தபுரத்துக்கு வந்தது. முதல் நாள் கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் வந்தவருள் இருவருக்குச் சில நாளிலேயே நோய் கண்டது. ஜூன் மாதம், நோயில்லை என்ற சான்று உடையவரையே ஏற்றிவர வேண்டும் என்று கேரள அரசு கேட்டது. சோதனை கிடைக்காத நாட்டில் இருப்பவர் எங்கே போவார் என்று எதிர்ப்பு எழுந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. முடிவில், சோதனைக்கு வசதியற்ற சவூதி அரேபியா போன்ற இடங்களிலிருந்து வருவோர் உடல் முழுதும் மூடிய காப்புடையில் பிரயாணம் செய்யலாம் என்று அரசு இறங்கி வந்தது. நடு ஆசனத்தைக் காலியாக விடுவதா என்னும் வழக்கோ பம்பாய் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டையும் எட்டிற்று. நடுவில் அமர்வோருக்கு மேலங்கி ஒன்று தந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தனர்.

ஆகஸ்டு 7ஆம் நாள் இரவு, பெருமழையில், துபாயிலிருந்து வந்த மீட்பு விமானம் ஒன்று கோழிக்கோடு கரிப்பூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தனர். சுற்றுப்புற மக்கள், அப்பகுதியே நோய்க் கட்டுப்பாட்டில் இருந்தும், இடிபாட்டுக்குள் இறங்கிக் குழந்தைகளைத் தோளில் சுமந்து ஓடினர். பின்னர் தனிமைக் காவலில் அமர்ந்தனர்.

திருவனந்தபுரத்தில் ஆகாய வாயிலை அவ்வளவு கவனமாகக் காத்திருந்த வேளையில், ஜூலை மாதம் நோய் வேறு வழியே வந்தது. விமான நிலையத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பூந்துறை என்னும் மீனவர் ஊர் உள்ளது. நகரத்து மீன் அங்காடி ஒன்றோடு தொடர்புற்று அங்கே நோய் பெருகியது. தெருக்களில் அதிரடிப் போலீசார் நின்றனர். ஜூலை 17ஆம் நாள், பூந்துறையிலும் புல்லுவிளையிலும் நோய் சமூகத்துள் பரவிவிட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். ஆகாயத்திலிருந்து இறங்கியவரைப் பதினான்கு நாள் வீட்டினுள் வைக்க முடிந்தது. அன்றாடம் மீன் விற்று அரிசி வாங்கும் குடும்பங்களோ ஒரே அறையில் எட்டுப் பேர் வாழ்ந்தன. அவ்வீடுகளில் தனியறைக்கு இடமில்லை.