இறந்த நகரமும் இரண்டாம் பெண்ணும்

கவிஞர்கள் மிகுந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், ஒரு கவிஞர் எழுதிய நாவலின் வரலாற்றைச் சொல்வது பொருந்தும் என்று எண்ணுகிறேன். ழார்ழ் ரோடன்பாக் (1855-1898) பெல்ஜிய நாட்டில் பிறந்து பாரிசில் வாழ்ந்து பிரெஞ்சு மொழியில் எழுதியவர். இறந்துபட்ட புரூஜ் எனப் பொருள்படும் 'புரூஜ்-லா-மோர்த்' என்னும் அவருடைய சிறு நாவல், 1892இல் 'ஃபிகாரோ' நாளிதழில் தொடராக வந்து அவ்வாண்டிலேயே நூலாயிற்று.

இடைக்காலத்தில் வடஐரோப்பிய வணிகத்தின் தலைவாயிலாக விளங்கிய நகரம் புரூஜ். கடலோடு அதனை இணைத்த ஸ்வின் நீர்வழி மணல்மேடிட்டுத் தூர்ந்துபோக, வணிகம் ஆண்ட்வெர்ப்புக்குப் பெயர்ந்தது. எஞ்சியவை கால்வாய்களும் மணியோசையும் கன்னிமாடங்களுமே. தன் கதையில் அந்நகரும் ஒரு பாத்திரமே என்று முன்னுரையில் அறிவித்தார் ரோடன்பாக். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட நமக்கு இது புதுமையன்று. உரைநடைக் கதை பெரிதும் நிகழ்ச்சிகளை நம்பியிருந்த அந்நாளைய ஐரோப்பாவுக்குப் புதுமைதான்.

மனைவியை இழந்து ஐந்தாண்டுகள் கழித்தவன் யூக் வியான். தொல்காப்பியர் தபுதார நிலை என்று பெயரிட்டாரே, அந்த நிலையைத் தன் வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டவன். இறந்தவளின் பொன்னிறக் கூந்தலைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வழிபடுகிறான். ஒரு மாலை, அவளே உயிர்பெற்று வந்ததுபோன்ற ஒருத்தியைத் தெருவில் காண்கிறான். அவள் ஜேன் ஸ்காட் என்னும் நாடக ஆட்டக்காரி. முகமும் குரலும் ஒத்திருக்கின்றன. விதி மறுத்த வாழ்வு மீண்டும் கதவைத் தட்டுவதாக அவன் நம்புகிறான்.

நாவலின் உயிர்நிலை, என் கருத்தில், அதன் கொலைக் காட்சியில் இல்லை. அதற்கு முன்பே, உடைக் காட்சியில் இருக்கிறது. மனைவியின் பழைய ஆடைகளை எடுத்துவந்து ஜேனை உடுத்தச் செய்கிறான் யூக். ஒப்புமை நிறைவுபெறும் என்று எதிர்பார்க்கிறான். அவளோ காலம் கடந்த அந்த உடையைக் கண்டு நகைத்து ஆடிக் காட்டுகிறாள். அவன் மனம் சுருங்குகிறது. அவள் செய்த குற்றம்தான் என்ன? தானாக இருந்தது ஒன்றே. இறுதியில், திருக்குருதி ஊர்வலம் தெருவில் செல்லும் நாளில், பேழையிலிருந்து கூந்தலை எடுத்து விளையாட்டாய்க் கழுத்தில் சுற்றிக்கொள்கிறாள். அக்கூந்தலாலேயே அவளை நெரித்துக் கொல்கிறான்.

தம் ஊரைப் பிணம் என்றதைப் புரூஜ் மக்கள் விரும்பவில்லை. 1903இல் ரோடன்பாக்குக்கு நினைவுச் சிற்பம் எழுந்தது அவர் வளர்ந்த கெண்ட் நகரில். ஆயினும் அந்த 'இறந்த' நகரைக் காணப் பயணிகள் திரண்டு வந்தது வேறு கதை.

இக்கதையைப் பின்வந்தோர் ஒவ்வொருவரும் ஜேனின் சாவை எவ்வாறு கையாண்டனர் என்பதே கவனிக்க வேண்டியது. இதிலிருந்து 'இறந்த நகரம்' என்னும் இசைநாடகத்தைப் படைத்த எரிக் கோர்ன்கோல்டுக்கு அப்போது வயது 23. 1920 டிசம்பர் 4 அன்று ஹாம்பர்க், கொலோன் ஆகிய இரு நகரங்களிலும் ஒரே நாளில் அது அரங்கேறியது. அதில் கொலை வெறுங்கனவாகிவிடுகிறது. நாயகன் விழித்தெழுந்து, நகரைவிட்டு நீங்கத் துணிகிறான். முதல் உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். வீடுதோறும் ஒரு படம் மாலையோடு தொங்கிய காலம். அம்மக்களுக்கு மீளும் வழி ஒன்றைக் காட்டாமல் திரையை இறக்க அவ்விளைஞருக்கு மனம் வரவில்லை போலும். யூதர் என்பதால் அவருடைய இசை பின்னர் நாஜிகளின் ஆட்சியில் தடைக்குள்ளானது.

1954இல் புவாலோ, நார்ஸ்ழாக் என்னும் இரட்டையர் எழுதிய பிரெஞ்சு மர்ம நாவலிலும், அதன்வழி 1958இல் ஹிட்ச்காக் எடுத்த 'வெர்டிகோ'விலும் ரோடன்பாக்கின் நிழலைத் திறனாய்வாளர் பலர் கண்டுள்ளனர். இழந்தவளின் உடையையும் கூந்தல் நிறத்தையும் இன்னொருத்திமேல் ஏற்றும் அந்தப் பிடிவாதம் அங்கும் உண்டு. அங்கும் உயிரிழப்பவள் அவளே. அப்படத்தின் தழுவலாகத் தமிழில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடிக்க, கே. சங்கர் இயக்கத்தில் 1965இல் 'கலங்கரை விளக்கம்' வந்தது. புரூஜின் கால்வாய்க் கரையில் முளைத்த கதைக்கு நம் கடற்கரை வரை வேர் ஓடியிருக்கிறது.

முதற்பதிப்பைப் பற்றி ஒரு செய்தி. கதையோடு ஒளிப்படங்களை இணைத்து வந்த முன்னோடிப் புனைவு நூல் அது. படங்கள் பெரும்பாலும் ஆளரவமற்ற தெருக்கள், பாலங்கள், கோபுரங்கள். முகப்பில் ஓவியர் க்னோப்ஃப் தீட்டிய படத்தில், கூந்தல் விரியக் கிடக்கிறாள் இறந்த மனைவி. நாவல் முழுவதிலும் அவளுக்குப் பெயரில்லை, படம் உண்டு. ஜேனுக்குப் பெயர் உண்டு, படம் இல்லை.