முன்னாள் படைவீரர் பங்களிப்பு நலவாழ்வுத் திட்டத்தில் மகப்பேறு

முன்னாள் படைவீரர் பங்களிப்பு நலவாழ்வுத் திட்டம் (இ.சி.எச்.எஸ்.) என்பது ஓய்வூதியம் பெறும் இந்திய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் மருத்துவ வசதி அளிக்கும் நடுவண் அரசுத் திட்டமாகும். இது 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. உறுப்பினரின் மனைவியினது மகப்பேறும் இதில் அடங்கும்.

பின்னணி

இந்தியப் படைவீரர் பலர் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெறுகின்றனர். ஊனத்தால் விடுவிக்கப்படுவோர் அதனினும் இளையோராக இருப்பதுண்டு. எனவே படையை விட்டு வந்த பின்னரும் இக்குடும்பங்களில் குழந்தைப்பேறு நிகழ்கிறது. இத்திட்டத்திற்கு முன் சென்னை, வெலிங்டன் போன்ற இடங்களிலுள்ள படை மருத்துவமனைகளையே இவர்கள் பெரிதும் நாட வேண்டியிருந்தது.

தகுதி

படைப்பணியால் ஏற்பட்ட ஊனத்திற்காக ஓய்வூதியம் பெறுவோர் உறுப்பினராகலாம். சேரும்போது தர நிலைக்கேற்ப ஒருமுறை பங்களிப்புத் தொகை செலுத்த வேண்டும். போரில் ஊனமுற்றோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஊன ஓய்வூதியம் பெறும் அனைவருக்கும் இவ்விலக்குப் பொருந்தாது.

மனைவியின் பெயர் ஓய்வூதிய ஆவணத்திலும் உறுப்பினர் அட்டையிலும் இடம்பெற வேண்டும். ஓய்வுக்குப் பின் மணம் புரிந்தோர் இதனை மகப்பேற்றுக்கு முன்பே செய்துகொள்ளுதல் நன்று. குழந்தை பிறந்தபின் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும்.

மணமான மகள்

மகள் திருமணம் அல்லது வேலை பெறும் வரையே சார்ந்தவராகக் கருதப்படுகிறார். மருமகள் சார்ந்தவர் அல்லர். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் நடத்துவது தமிழர் வழக்கம். செலவைத் தந்தையே ஏற்பதும் உண்டு. ஆயினும் படைவீரரின் மணமான மகளுடைய பிரசவச் செலவை இத்திட்டம் ஏற்பதில்லை. கணவனை இழந்தோ மணமுறிவு பெற்றோ தந்தையைச் சார்ந்து வாழும் மகள் மீண்டும் தகுதி பெறுகிறார்.

ஆத்தூர் பகுதியில்

ஆத்தூர், சேலத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. திட்டத்தின் மருத்துவகம் (பாலிகிளினிக்) சேலத்தில் இயங்குகிறது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையில் பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறலாம். அவசர நிலையில் கடிதமின்றி அருகிலுள்ள மருத்துவமனையில் சேரலாம். அம்மருத்துவமனை அங்கீகாரம் பெறாததாயின், 48 மணி நேரத்திற்குள் மருத்துவகத்திற்குத் தெரிவித்து, பின்னர் அரசு விகிதப்படி செலவைத் திரும்பக் கோரலாம்.

மாற்று வழிகள்

திட்டத்தில் அடங்காத மகளுக்கும் மருமகளுக்கும் பிற வழிகள் உள்ளன. 2011 இல் தொடங்கிய நடுவண் அரசின் தாய்சேய் நலத் திட்டத்தின்படி, ஆத்தூர் அரசு மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை உட்பட பிரசவம் இலவசமாகும். ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உண்டு. கணவர் சவ்வரிசி ஆலை போன்ற தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவராயின், மனைவியின் மகப்பேற்று மருத்துவம் அக்காப்பீட்டில் அடங்கும்.