வெளி, வெட்டை, தரவை, கலட்டி

பயிரில்லாத ஒரு நிலத்தைக் காட்டி இது என்ன என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால், கிடைக்கும் பதில் இடத்துக்கு இடம் மாறும். சுண்ணக்கல் தலைநீட்டி, மண் விரற்கடை ஆழத்துக்கே இருந்தால் அது கலட்டி. மாரியில் வெள்ளம் நின்று, வற்றியதும் புல் முளைப்பது தரவை. மறைக்க ஒரு மரமும் இல்லாமல் கண் போகும் தூரமெல்லாம் திறந்து கிடப்பது வெளி. ஒதுங்க நிழலில்லாத இடம் வெட்டை. உப்புப் பூத்தது உவர். உடையவன் விட்டுப்போய் முள் மூடியது பற்றைக்காணி. ஆங்கிலத்தில் ஒரே பெயரடையால் சொல்லிவிடக்கூடியவைதான் இவற்றுட் பல. அரச ஏடுகளிலோ எல்லாவற்றுக்கும் தரிசு என்ற ஒரு சொல்லே போதுமாகிவிடுகிறது. ஆனால் இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. நிலம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது, அதிலிருந்து எதை எடுக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் எடுத்த முடிவுகளே இந்தச் சொற்கள். அவற்றை ஒன்றாக மடக்கினால் அந்த அறிவும் கூடவே போய்விடும்.

கலட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் நிலத்தை ஒதுக்கித் தள்ளும் பெயரல்ல. அங்கே இறங்குகிறவனுக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர். அலவாங்கால் கல்லை நெம்பி எடுக்கவேண்டும். எடுத்த கல்லை எல்லையில் அடுக்கி மதிலாக்கவேண்டும். குளத்து மண்ணை வண்டியில் கொண்டுவந்து பரப்பவேண்டும். பூவரசங்குழையைத் தாழ்த்தி, மாட்டெருப் போட்டு, கிணறு வெட்டித் துலா நாட்டவேண்டும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் புகையிலையும் வெங்காயமும் விளைந்த தோட்டங்கள் பல இப்படி மனிதர் கையால் உண்டாக்கப்பட்டவை. தோட்டமான பிறகும் கலட்டி என்ற பெயர் போகவில்லை. யாழ்ப்பாண நகருக்குள்ளேயே வீடுகள் நெருங்கிய ஓரிடம் இன்றும் கலட்டிதான். தரவையோ வேறு கதை. ஐப்பசி முதல் மார்கழி வரை அது குளம், பிறகு சில மாதம் மேய்ச்சல் நிலம், ஆனி ஆடியில் வெடித்த மண். கோடையில் வந்து பார்க்கும் ஒருவர் அதைப் பாழ் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மாரியில் அங்கே தேங்கும் நீர்தான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அயற்கிணறுகளில் உவர் ஏறாமல் காக்கிறது. மாடு வளர்ப்பவரும் கிணற்று நீரில் வாழ்பவரும் அதைப் பாழ் என்று சொல்லமாட்டார்கள்.

நிலத்தைப் பாழென்று ஒதுக்காத இந்தப் பார்வைக்கு எழுத்துச் சான்று காணி உறுதிகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து உறுதியில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் கலட்டி, புலம், ஒல்லை, வளவு என்று முடிவதைக் காணலாம். பரப்பு என்ற நில அளவும் வெறும் நீள அகலக் கணக்கல்ல. வரகுப் பரப்பா, நெற்பரப்பா என்று பிரித்தே எழுதப்படும். வரகுப் பரப்பானால் 16 சேர்ந்தது ஓர் ஏக்கர்; நெற்பரப்பானால் 24. வயலல்லாத நிலத்தையும் வரகால் அளந்த வழக்கு இது. கல்லும் முள்ளுமாகக் கிடந்தாலும், ஒரு தானியத்தின் பெயரைச் சொல்லாமல் காணியை எழுத அந்த வழக்கில் இடமில்லை.

பிரித்தானியர் கொண்டுவந்த 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கு நேர்மாறான கண்ணோடு நிலத்தைப் பார்த்தது. காடு, பாழ், ஆளில்லாதது, பயிரிடாதது எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அது கொண்டது. 1897 இல் பாழ்நிலத்துக்கென்றே தனியாக இன்னொரு சட்டம் வந்தது. இவற்றின் பேரடி விழுந்தது பெருந்தோட்டங்களுக்காக நிலம் தேடப்பட்ட கண்டி மலைநாட்டில்தானே, உறுதி எழுதும் வழக்கம் வேரூன்றிய யாழ்ப்பாணத்தில் அல்லவே என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் நான் சொல்வது எத்தனை ஏக்கர் பறிபோனது என்பதைப் பற்றியல்ல. பயிரில்லாவிட்டால் பாழ் என்ற வகைப்பாடு அலுவலக மொழிக்குள் புகுந்த பிறகு, தரவையும் உவரும் வெளியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தன. அந்தக் கட்டத்தில் மாட்டுக்கும் மழைநீருக்கும் இடமில்லை.

ஆங்கிலத்திலும் வெறுமைக்குப் பல சாயலுள்ள சொற்கள் உண்டே, தமிழிலும் மலடு என்று நிலத்தை இகழ்ந்தவர்கள் நாம்தானே என்பது அடுத்த மறுப்பு. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை பெறாத பெண்ணையும் விளையாத மண்ணையும் ஒரே சொல்லால் வைத கொடுமையில் இரு மொழிகளுக்கும் பங்குண்டு. சொற்சாயல்களை மங்கவைத்ததும் அந்நியர் மட்டுமல்ல. நம் நிகண்டு மரபே ஒத்த சொற்களை ஒரு வரிசையில் கோத்து மனனம் செய்யவைத்தது. ஆறுமுக நாவலர் 1849 இல் சூடாமணி நிகண்டை உரையோடு அச்சிட்டதற்கு முன்பே, 1842 இல் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அகராதி வந்துவிட்டது. பாதிரியார் ஜோசப் நைட் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்சேகரிப்பின் வழிவந்ததுதான் 1862 இல் சென்னையில் வெளியான வின்ஸ்லோ அகராதி. அகராதிக் கலையில் இவ்வளவு முந்திய ஊர் இது. ஆனாலும் தரவைக்கும் வெட்டைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது ஏடல்ல, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனவர்களின் பேச்சுத்தான்.

இயற்கை தந்த வெறுமையும் ஆட்சி உண்டாக்கிய வெறுமையும் ஒன்றல்ல. யாழ்ப்பாணக் கோட்டையின் அருகே கிடக்கும் முற்றவெளி, பீரங்கிக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்கக்கூடாதென்று மரமும் வீடும் இல்லாமல் காக்கப்பட்ட நிலம். பருத்தித்துறை வீதியிலுள்ள வல்லை வெளியோ கடல்நீரேரியின் உவரால் தானாகத் திறந்து கிடப்பது. இரண்டிலும் ஒரு முனியப்பரை இருத்தியிருக்கிறார்கள் நம்மவர்கள். வெளியைக்கூடக் காவலில்லாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லை. பிறகு போர் வேறு வெறுமைகளைக் கொண்டுவந்தது. ஷெல்லில் தலை பறிபோன பனைகள் மொட்டைப் பனைகளாயின. ‘வெட்டையில நிக்காதை’ என்பது உயிர்காக்கும் எச்சரிக்கையானது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்களின் செம்பாட்டுத் தோட்டங்கள் பற்றைக்காடாயின. 2009 க்குப் பிறகு கட்டங்கட்டமாகக் காணி விடுபட்டபோது பலர் தம் எல்லையைத் தேடியது கிணற்றை வைத்து.

இந்தப் பழைய சொற்களில் நீதி நிறைந்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை. கலட்டியில் கல்லைக் கிண்டியவர் ஒருவராகவும் உறுதியில் பெயர் எழுதப்பட்டவர் வேறொருவராகவும் இருந்ததுண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்கு உவரும் கரையுமே குடியிருப்பாக விடப்பட்டன. நிலத்தின் குணத்தை நுணுக்கமாக அறிந்திருந்த மொழி, அதில் குனிந்து நின்றவனின் உரிமையை எழுதாமல் விட்டது. அந்தக் குறையை அலுவலகத்தின் தரிசு என்ற சொல்லும் நிவர்த்தி செய்யவில்லை. அது நிலத்தின் குணத்தையும் சேர்த்தே மறைத்தது. குடாநாட்டில் வரகு விதைப்பவர்கள் இன்று மிக அருகிவிட்டார்கள். ஆனால் வீடு கட்டவென்று வாங்கும் நாலு பரப்புக் காணிக்கு உறுதி முடிக்கும்போது, நொத்தாரிசு இன்னமும் பரப்புக்குப் பக்கத்தில் வரகு என்று எழுதுகிறார்.