கல்லெழுத்துக் கற்ற பெரியார் மூவர்

மறைந்த பெரியோரை நினைந்து போற்றுதல் சைவ மக்களுக்குப் புதியதொரு வழக்கமன்று. அடியார் இறைவன் திருவடி எய்திய நாளை அந்நாளுக்குரிய விண்மீனால் குறித்துக்கொண்டு, அதனைத் துயர்நாள் என்னாது குருபூசைத் திருநாள் என ஆண்டுதோறும் கொண்டாடுவது நம் முன்னோர் வகுத்த முறையாகும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை, பெயர் சொல்லி வணங்குதலையே ஒரு பதிகமாக்கித் தந்தது. நம்பியாண்டார் நம்பிகள் அதனை வகைப்படுத்தினார். சேக்கிழார் பெருமான் விரித்துக் காப்பியமாக்கினார். அன்றியும், சுந்தரர் தனியடியாரை வணங்கியதோடு அமையாமல், பெயர் அறியப்படாத பல்லோரைத் தொகையடியார் என ஒன்பது கூட்டமாக வகுத்து அவர்களையும் வணங்கினார். பெயர் மறைந்தாரையும் மறவாமை சைவத்தின் இயல்பு என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறு மறைந்துபோன பெயர்கள் பலவற்றை நமக்குக் காத்து வைத்திருப்பவை திருக்கோயிற் சுவர்களே. சோழ நாட்டுத் திருக்கோயில்களில் மிகப் பலவாகக் காணப்படும் கல்வெட்டு நந்தா விளக்கு அறத்தைக் கூறுவதாகும். விளக்கொன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாளர் விடுவர். மன்றாடி ஒருவன் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளந்து வருவான். அவ்வாடுகளைக் கல்வெட்டுக்கள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கும். ஆடு சாவாதோ எனின், சாகும், மூக்கவும் மூக்கும். ஆயினும் ஈன்ற குட்டிகளால் இறந்தவற்றின் இடத்தை நிரப்பி எண்ணிக்கையைக் குறையாமற் காத்தல் பெற்றவன் கடமை. ஆதலின் மந்தை சாவதில்லை, விளக்கும் அவிவதில்லை. தனித்தனி உயிர்கள் கழிந்தாலும் தொண்டு கழியாமல் நிற்றற்கு முன்னோர் கண்ட வழி இதுவாம்.

இம்முறையினையே மக்கள் பணியிலும் அவர்கள் கொண்டிருந்தனர். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு முதலாம் இராசராச சோழன் பிடாரர் 48 பேரையும், அவர்க்கு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிப்பார் இருவரையும் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பட்டது. அவர்கள் பெயரெல்லாம் கல்லில் உள்ளன. அவருள் ஒருவர் இறந்துபடினும் வேற்று நாடு செல்லினும், அவர்க்கு அடுத்த முறையினர் அப்பணியை ஏற்க வேண்டும். அம்முறையினர் தகுதியுடையரல்லராயின் தகுதியுடையாரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்று அக்கல்வெட்டே விதி வகுத்திருக்கிறது. அரசன் பெருமை பேசும் நூல்கள் இப்பாடகர்களை அறியா. கல்லே அறியும்.

பாடினாரை மட்டுமன்றிப் பாட்டையே காத்த கல்லும் உண்டு. திருவிடைவாய் என்னும் தலத்துக்குரிய திருஞானசம்பந்த சுவாமிகள் திருப்பதிகம் ஏட்டுச் சுவடிகளில் கிடைக்கவில்லை. 1917ஆம் ஆண்டில் அத்தலத்துக் கோயிற் கல்லிலிருந்தே அது கண்டெடுக்கப்பட்டுத் திருமுறைப் பதிப்புக்களிற் சேர்க்கப்பட்டது. ஏடு இழந்ததைக் கல் இழவாது காத்தது. அப்பதிகத்தை இன்று ஓதுவோர் ஒவ்வொருவரும் ஒரு கல்லுக்கும், அதனைப் படிக்க வல்லார்க்கும் கடன்பட்டவராவர்.

படிக்க வல்லார் இல்லையேல் எழுதிய கல்லும் எழுதாக் கல்லே. பழைய எழுத்துக்கள் மாறிப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. வழிபடுவோர் அவ்வெழுத்துக்களை நாள்தோறும் வலம்வந்தும், அவை கூறுவன இன்னவென அறியாதிருந்தனர். அறியாமையாகிய அத்திரையை நீக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞருள் மூவர் அண்மைக் காலத்தே அடுத்தடுத்து மறைந்தனர். 2015ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பேராசிரியர் நொபொரு கராஷிமா அவர்களும், மூன்றாண்டு கழித்து 2018இல் அதே நவம்பர் 26ஆம் நாள் திரு. ஐராவதம் மகாதேவன் அவர்களும் இயற்கை எய்தினர். விளக்கீட்டுக்குரிய கார்த்திகைத் திங்களில் இவ்விருவரும் மறைய, 2022ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், தைத்திங்களில், டாக்டர் இரா. நாகசாமி அவர்களும் மறைந்தார்.

கராஷிமா அவர்கள் 1933இல் ஜப்பான் நாட்டிற் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் தமிழகம் போந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலும், அக்காலத்து உதகமண்டலத்தில் இருந்த நடுவணரசின் கல்வெட்டு அலுவலகத்திலும் தங்கித் தமிழ்க் கல்வெட்டுக்களைக் கற்றார். அந்நாள்வரை வரலாறு எழுதியோர் பெரும்பாலும் அரசர் வெற்றிகளையும் ஆட்சியாண்டுகளையுமே கல்வெட்டுக்களில் தேடினர். இவரோ நிலம் யாருடையது, அதனை உழுதவர் யாவர், விற்றவர் யாவர் என வினவினார். திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாகக் காவிரிக்கரையில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுக்களை ஒப்புநோக்கி, முன்னதாகிய வேளாண் ஊரில் நிலம் பொதுவுரிமையிலும், பின்னதாகிய பிரமதேயத்தில் தனியுரிமையிலும் இருந்தமையை எடுத்துக்காட்டினார். சிற்றூர் இரண்டின் சுவர்களைக்கொண்டே ஒரு பெருநாட்டின் வாழ்க்கையை ஆராயலாம் என்பதற்கு அக்கட்டுரை வழிகாட்டியாயிற்று.

பின்னர்ப் பேராசிரியர் எ. சுப்பராயலு அவர்களோடும் தோரு மட்சுயி அவர்களோடும் கூடிச் சோழர் கல்வெட்டுக்களில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து அடைவாக்கி, 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னே நெய்யளந்தாரும், நிலம் விற்றாரும், கையெழுத்திட்டாரும் அவ்வடைவில் வரிசையாக நிற்கின்றனர். பெயர் மறந்தாரைப் பெயர் சொல்லி அழைக்கும் இப்பணி, தொகையடியாரை வணங்கிய நாட்டுக்கு மிகவும் உரியதொன்று. இடைக்காலச் சைவ மடங்களின் வளர்ச்சியையும் அவர் தம் முதுமையில் ஆராய்ந்தார். 1995இல் தஞ்சையில் நிகழ்ந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக நின்று நடத்தினார். இந்திய அரசு 2013இல் அவர்க்குப் பத்மசிறீ விருது வழங்கிற்று.

மகாதேவன் அவர்கள் 1930இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த மண்ணச்சநல்லூரிற் பிறந்தவர். 1954இல் இந்திய ஆட்சிப்பணியிற் சேர்ந்து உயர் பொறுப்புக்களை வகித்தவர். ஆராய்ச்சிக்கெனவே 1980இல் தாமாக ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராகவும் இருந்தார். அலுவல் மிகுதியினூடே மலைக்குகைகளில் ஏறி, தமிழ்நாட்டின் மிகப் பழைய எழுத்தாகிய தமிழ்ப் பிராமியைப் படிப்பதே அவர்தம் வேட்கையாயிற்று. கரூரை அடுத்த புகளூர்க் குகையில் சேர மரபினர் மூன்று தலைமுறையினர் பெயரைக் கண்டு, பதிற்றுப்பத்துக் கூறும் சேரரோடு பொருத்திக் காட்டினார். மதுரைக்கு அருகில் மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். சங்கப் புலவர் பாடிய அரசர் கற்பனை மாந்தரல்லர் என்பதற்கு இவை கற்சான்றுகளாயின.

இக்குகைகள் சமண முனிவர் தங்கிய பள்ளிகள் என்பதையும் இங்கே கருதல் வேண்டும். சமயம் வேறாயினும் சான்று சான்றே. சமணர்க்கு ஈந்த கற்படுக்கையே தமிழெழுத்தின் இளமையை நமக்குக் காட்டுகிறது. மகாதேவன் அவர்கள் 1977இல் சிந்துவெளி எழுத்துக்களின் தொகுப்பையும் அடைவையும் வெளியிட்ட பின்னர், மீண்டும் குகைகளுக்கே சென்று முன் படித்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, 2003இல் பழந்தமிழ்க் கல்வெட்டுக்களைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதனையும் திருத்தி 2014இல் மறுபதிப்புச் செய்தபோது அவர்க்கு எண்பது வயது கடந்திருந்தது. தாம் படித்ததைத் தாமே ஐயுற்று மீண்டும் நோக்குதல் புலமைக்கு அணியாம்.

நாகசாமி அவர்களும் 1930இற் பிறந்தவரே. 1966 முதல் 1988 வரை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்து அத்துறையை உருவாக்கினார். செங்கம் பகுதியில் வயலிலும் காட்டிலும் கிடந்த நடுகற்களைத் தேடிப் படித்து நூலாக்கினார். மாண்ட வீரர்க்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறையாக வகுத்துக் கூறும்; அது ஏட்டு வழக்கு மட்டுமன்று என்பதை அக்கற்கள் காட்டின. எடுத்தனூரில் உள்ள கல்லொன்று, கள்வரோடு பொருது மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற ‘கோவிவன்’ என்னும் அவன் நாயையும் பெயரிட்டுக் கூறுகிறது. அப்பர் சுவாமிகள் காலத்தவனாகிய முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில் எழுந்தது அக்கல். ஒரு நாயின் நன்றியையும் மறவாத மக்கள் நம் முன்னோர்.

சைவ உலகம் அவரை மறவாமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. பத்தூர் அருள்மிகு விசுவநாத சுவாமி கோயில் நிலத்தில் 1976இல் வெளிப்பட்ட நடராசர் திருமேனி களவாக விற்கப்பட்டு இலண்டன் மாநகரம் சேர்ந்தது. அதனை மீட்கும் வழக்கில் நாகசாமி அவர்கள் அறிஞர் சான்றாக நின்று, அப்படிமம் சோழ நாட்டுப் பத்தூர்க்குரியதே எனச் சிற்பக்கலை கொண்டும் உடன்கிடைத்த படிமங்கள் கொண்டும் நிறுவினார். 1988இல் தீர்ப்புத் திருக்கோயிலின் பக்கம் அமைந்தது. 1991இல் மேல்முறையீட்டு மன்றமும், கோயில் தன் பொருளை வேண்டி வழக்காடும் உரிமையுடையதே என ஏற்றது. அவ்வாண்டே ஆடவல்லான் திருமேனி தமிழகம் மீண்டது. தமிழ், வடமொழி உறவைப்பற்றி அவர் பிற்காலத்தே எழுதியவை கடும் மறுப்புக்களைப் பெற்றன என்பதும் உண்மை. புலவர் கூற்று யாவும் ஒருதலையாகக் கொள்ளற்பாலன அல்ல. ஆயினும் அவர் ஆற்றிய தொண்டு மறுக்கற்பாலதன்று.

இம்மூவரும் பிறப்பாலும் நாட்டாலும் கருத்தாலும் வேறுபட்டவர். ஒருவர் கல்லில் உழவரைத் தேடினார். ஒருவர் எழுத்தைத் தேடினார். ஒருவர் கலையையும் வழிபாட்டையும் தேடினார். மூவரும் கல் கூறுவதற்குமுன் தாம் கூறலாகாது என்னும் நெறியிலே ஒன்றுபட்டனர்.

இனி, இவர்களை நினைத்தல் எவ்வாறு? படத்தை வைத்து மாலை சூட்டுதல் எளிது. அவர்கள் கற்ற கல் நிற்கவேண்டும், அதுவே அரிது. கல்வெட்டுக்கு இந்நாளில் நேரும் கேடு பகைவராலே மட்டும் வருவதன்று. திருப்பணி என்னும் பெயரால் அன்பர் கையாலேயே வருகின்றது. பழைய சுவரைத் துலக்குவதாக எண்ணி, காற்றின் விசையால் மணலை வீசிக் கல்லைத் தேய்த்தமையால் எழுத்திழந்த கோயில்கள் உண்டு. சுண்ணமும் வண்ணமும் பூசப்பட்டு மூடுண்ட எழுத்துக்கள் உண்டு. பிரித்த சுவரின் கற்கள் படியாகவும் தளமாகவும் இடப்பட்டுக் காலடியிற் கிடப்பதும் உண்டு. திருவிடைவாய்க் கோயிற் கல்லை 1917க்கு முன்னே எவரேனும் நல்லெண்ணத்தோடு தேய்த்திருப்பாராயின், ஒரு திருப்பதிகம் என்றென்றைக்கும் மறைந்திருக்குமன்றோ!

திருப்பணி செய்வார்க்கு வழிகாட்டி வெளியே தேடவேண்டுவதில்லை. சிவஞானி கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக எடுப்பித்தார். திருநல்லத்துத் திருக்கோயிலைத் தம் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் சிவபெருமானை வழிபடும் உருவத்தை அங்கே கல்லில் அமைத்தார். திருக்கோடிகாவில் கற்றளி எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த அறங்களையெல்லாம் புதிய சுவரிற் படியெடுத்து வெட்டுவித்து, அவை பழங்கற்படி எனவும் குறிப்பித்தார். தம் கணவரை மறவாத அவ்வம்மையார், தமக்கு யாதும் உறவில்லாத பழைய கொடையாளரையும் மறந்திலர்.

ஆதலின் திருப்பணி தொடங்குமுன் சுவரெழுத்தைப் படியெடுத்தலும், நிழற்படம் எடுத்தலும், பிரிக்கும் கல்லுக்கு எண்ணிட்டு மீண்டும் அதனிடத்தே வைத்தலும், மணல் வீச்சையும் பூச்சையும் விலக்கலும், கல்லெழுத்து அறிந்தாரை உசாவுதலும் அறங்காவலர்க்கும் அன்பர்க்கும் கடமையாம். ஊர்தோறும் இளைஞர் இருவரேனும் தம் கோயிற் சுவரைப் படிக்கக் கற்பாராயின் அதுவே இப்பெரியோர்க்கு ஆற்றும் சிறந்த வழிபாடு. தஞ்சைப் பிடாரருள் ஒருவர் மறைந்தால் தகுதியுடையார் ஒருவர் அவ்விடத்து நிற்க வேண்டும் என்பது முன்னோர் விதி. மூவர் மறைந்தனர், அவர் நின்ற இடம் நிரம்பவேண்டும். அது நிரம்பும்வரை மந்தையின் எண்ணிக்கை குறைவுடையதே என்றறிந்து, சைவ நன்மக்கள் விளக்கு அவியாமற் காப்பாராக.

திருச்சிற்றம்பலம்.