கார்டு மோசடி: நஷ்டம் கடைக்காரர் தலையில் விழுந்த கதை

நம் குடியிருப்பில் மளிகைக் கடை, மருந்துக் கடை, துணிக்கடை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு. கார்டு மோசடி என்றால் நஷ்டம் கார்டு வைத்திருப்பவருக்கோ வங்கிக்கோதான் என்று பலரும் நினைக்கிறோம். பல நேரங்களில் பணத்தை இழப்பவர் கடைக்காரர். அது எப்படி என்று தெரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவிலுள்ள ஃப்ரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை! இன்றைய விசா கார்டின் ஆரம்பம் அதுதான். தபால் பெட்டியில் கிடந்த கார்டுகளைத் திருடியவர்களால் வங்கிக்குப் பலத்த அடி. கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வர 1970 ஆயிற்று.

அக்காலத்தில் கடைக்காரரிடம் இருந்தது ஒரு கை மெஷின். கார்டை வைத்து இழுத்தால் எண் கார்பன் வழியாகச் சார்ஜ் ஸ்லிப்பில் பதியும். திருட்டுக் கார்டுகளின் எண்களை அச்சிட்ட பட்டியல் அவ்வப்போது வரும். அதில் எண் இல்லையா என்று பார்க்க வேண்டும், கையெழுத்தை ஒப்பிட வேண்டும், வரம்புக்கு மேலான தொகை என்றால் வங்கிக்குப் போன் செய்து அனுமதி எண் வாங்க வேண்டும். வரிசையில் ஆள் நிற்கும்போது யார் இவ்வளவும் செய்வார்கள்? சிலர் போன் செய்ய அலுத்து ஒரே பில்லை இரண்டாகப் பிரித்துப் போட்டார்கள். விதிப்படி செய்தவருக்குப் பணம் நின்றது. மற்றவருக்கு ஸ்லிப் திரும்பி வந்தது. ‘சார்ஜ்பேக்’ என்பது இதுதான்.

நம் நாட்டில் வங்கிக் கார்டு 1980-இல் சென்ட்ரல் பாங்க் மூலம் வந்தபோதும் இதே கை மெஷின்தான். கிழித்துப் போட்ட கார்பன் தாளைக் குப்பையிலிருந்து பொறுக்கி எண்ணைத் திருடியவர்களும் உண்டு.

பிறகு காந்தப் பட்டை வந்தது. அதை நகலெடுக்கத் திருடர்கள் கற்றுக்கொண்டார்கள். பிரான்ஸ் 1992-க்குள் வங்கிக் கார்டுகளைச் சிப்புக்கு மாற்றியது. பிரிட்டன் 2006-இல் பின் எண்ணைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காதான் தாமதம். அங்கே 2015 அக்டோபர் 1 முதல், சிப் உள்ள கார்டைச் சிப் படிக்காத மெஷினில் தேய்த்துப் போலி என்று தெரிந்தால், நஷ்டம் கார்டு கொடுத்த வங்கியிடமிருந்து கடைக்காரர் பக்கம் மாறியது. புது மெஷின் வாங்காத சிறு கடைகள்தான் அதிகம் மாட்டின.

சிப்பை நகலெடுக்க முடியாததால், திருடர்கள் கார்டே தேவைப்படாத வியாபாரத்துக்கு நகர்ந்தார்கள். ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் இணைய வாங்குதலுக்கு இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஓ.டி.பி. சலிப்பாக இருக்கலாம், ஆனால் கடைக்காரருக்கும் அது கவசம். வெளிநாட்டுக் கார்டுகளில் இந்தச் சரிபார்ப்பு இல்லாமலும் பணம் வரும் என்பதால், அத்தகைய ஆர்டர்களில் கூடுதல் கவனம் தேவை.

இன்று பெரிய ஆர்டரைப் போனில் கொடுத்து, “தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள்” என்பவர் வந்தால் மறுத்துவிடுங்கள். எந்தக் கார்டில் பணம் வந்ததோ அதற்குத்தான் திருப்ப வேண்டும். கார்டின் சொந்தக்காரர் பின்னால் ஆட்சேபித்தால் சரக்கும் போகும், இரண்டு தடவை பணமும் போகும்.

மெஷின் பழுது பார்க்க வந்தேன் என்று யாராவது கேட்டால், வங்கிக்குப் போன் செய்த பிறகே கையில் கொடுங்கள். மெஷினின் சீரியல் எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. ரசீதுத் தாளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். பெரிய தொகைகளுக்குப் போட்டோ எடுத்து வையுங்கள். சார்ஜ்பேக் கடிதம் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள், பதில் தர நாள் கணக்கு உண்டு. கடிதத்தின் வாசகம் புரியாவிட்டால் எடுத்து வாருங்கள், மாலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.