வெண்ணெய் உருண்டைப் பாறை (இயற்பியல்)

மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும், ஏறத்தாழ 250 டன் எடையுள்ள பாறை. ஓய்வுநிலை உராய்வுக்குக் கண்கண்ட சான்று. 1908இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லை என்பார்கள். செவிவழிச் செய்திதான், ஆனாலும் அருமையான கணக்கு.

சரிவு 20 பாகை, உராய்வுக் கெழு 0.6 எனக் கொள்வோம். சரிவின் வழியே கீழிழுக்கும் எடைக்கூறு சுமார் 86 டன்-எடை. உராய்வின் உச்சவரம்பு 141. கீழ்நோக்கி இழுக்கும் கயிறுகளின் மொத்த இழுவிசை 55ஐத் தாண்டினால்தான் பாறை வழுக்கும். யானையின் இழுப்போ அதன் பாதத்து உராய்வுக்குள் அடங்கியது: தலைக்கு 4 டன் என்றால், அதே கெழுவில், ஏழும் சேர்ந்து 17 டன்-எடையைத் தாண்டாது.

மாணவர்கள் சறுக்குவது வேறிடத்தில்: உராய்வு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. யாரும் இழுக்காதபோது அது வெறும் 86தான்.